நாக்கை நீட்டச் சொல்ல யாருமில்லையா?

"எங்கே, நாக்கை நீட்டு பார்க்கலாம்!"

உங்களுக்கு நாற்பது வயதுக்கு மேல் என்றால் இந்தக் குரல் நிச்சயம் ஞாபகம் இருக்கும். ஜுரம் என்று போனாலும் சரி, வயிற்றுவலி என்று போனாலும் சரி, தெருமுனை டாக்டர் முதலில் பார்ப்பது நாக்கைத்தான். கையில் குட்டி டார்ச். "ஆ... சொல்லு. இன்னும் பெரிசா!" அதற்கப்புறம்தான் ஸ்டெதஸ்கோப், மிக்ஸர், மாத்திரை எல்லாம்.

இப்போது? நீங்கள் உள்ளே நுழைந்ததும் டாக்டர் கை நீட்டுவது உங்கள் ஃபைலுக்கு. ரிப்போர்ட்டைப் புரட்டுகிறார், கம்ப்யூட்டரைப் பார்க்கிறார், சீட்டு எழுதுகிறார். நீங்கள் வாயைத் திறப்பது பேசுவதற்கு மட்டும்தான். அதற்கும் பல இடங்களில் நேரம் கிடைப்பதில்லை!

நான் வெளியில் நின்று கல்லெறியவில்லை. முப்பது வருஷமாகக் குடும்ப டாக்டராக இருப்பவள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். அதனால்தான் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

ஒரு பெரியவர். வயது 72. ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. இழுப்புக்கு இன்ஹேலர். மேல் வரிசை முழுக்கப் பல்செட். மகனும் மருமகளும் அழைத்து வந்திருந்தார்கள்.

"டாக்டர், மாமா ஒரு மாசமா சரியாவே சாப்பிடறதில்ல. எதை வெச்சாலும் ருசியே இல்லங்கறார். காரம் எரியுதுங்கறார். தட்டைத் தள்ளிட்டு எழுந்து போயிடறார். இவர் என்னடான்னா, நான்தான் ஏதோ சரியா சமைக்கலங்கற மாதிரி என்னைக் கோவிச்சுக்கறார்..." மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மகன் குறுக்கிட்டார். "வயசாயிட்டா குழந்தை மாதிரிதானே டாக்டர்? அடம்!"

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. எடை ஆறு கிலோ குறைந்திருந்தது. கையில் கொழுகொழுவென்று ஒரு ஃபைல். எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன், ரத்தப் பரிசோதனைகள் என்று மொத்தம் பதினொரு ரிப்போர்ட். வாயைப் பற்றி ஒரு வரி கிடையாது. மெடிக்கல் ஷாப்காரர் கொடுத்த பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை ஒரு மாதமாக ஓடிக்கொண்டிருந்தது.

"சார், பல்செட்டைக் கொஞ்சம் கழட்டறீங்களா?" என்றேன். மருமகளை ஒரு பார்வை பார்த்தார். புரிந்தது. மருமகளை வெளியே உட்காரச் சொன்ன பிறகுதான் கழற்றினார்.

மேலண்ணம் ரத்தச் சிவப்பு. பல்செட்டின் விளிம்பு எங்கே முடிகிறதோ, அந்தக் கோட்டில் சிவப்பும் முடிந்திருந்தது. கன்னத்தின் உட்புறமும் நாக்கும் திரிந்த பாலைத் தெளித்த மாதிரி வெள்ளை வெள்ளையாக. பஞ்சால் மெதுவாகத் துடைத்தேன். வெள்ளை வழித்துக்கொண்டு வந்தது. அடியில் புண்ணான தோல். லேசாக ரத்தம் கசிந்தது. இந்த வாயோடுதான் மனுஷர் ஒரு மாதமாக ரசமும் வத்தக்குழம்பும் சாப்பிட முயற்சி செய்திருக்கிறார். அடமாம்!

ராத்திரியில் பல்செட்டைக் கழற்றுவீர்களா என்று கேட்டேன். இல்லையாம். பேரப்பிள்ளைகள் பொக்கை வாயைப் பார்த்துச் சிரிக்கும் என்று கூச்சம். இன்ஹேலர் இழுத்த பிறகு வாய் கொப்பளிப்பீர்களா? "அப்படி யாரும் சொல்லலையேம்மா!" மூன்று டாக்டர்களைப் பார்த்தவர் அவர். யாரும் சொல்லவில்லை.

வாயில் தடவுகிற மருந்து, பல்செட்டை எப்படிச் சுத்தம் செய்வது என்கிற பாடம், சர்க்கரை மாத்திரையில் ஒரு சின்ன மாற்றம். இவ்வளவுதான் செய்தேன். மூன்றாவது வாரம் மருமகள் போன் செய்தாள். "டாக்டர், இன்னிக்கு மாமா ரசத்துல உப்பு ஜாஸ்திங்கறார்!" அவ்வளவு சந்தோஷம் அவள் குரலில்.

இதற்குப் பெயர் வாய்ப்பூஞ்சைத் தொற்று. குழந்தைகளுக்கு வந்தால் பழைய ஆட்கள் 'அக்கரம்' என்பார்கள். காரணமான பூஞ்சை கேண்டிடா. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஆரோக்கியமான மனிதர்களிலேயே கிட்டத்தட்டப் பாதிப் பேர் வாயில் இது சாதுவாகக் குடியிருக்கிறது. லத்தீன் மொழியில் 'வெள்ளை' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர். பழைய ரோமாபுரியில் தேர்தலுக்கு நிற்பவர்கள் பளிச்சென்று வெளுத்த உடையில் ஓட்டுக் கேட்பார்களாம். அதனால்தான் ஆங்கிலத்தில் வேட்பாளருக்கு 'கேண்டிடேட்' என்று பெயர். நம்மூர் வெள்ளை வேட்டி சட்டைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று என்னைக் கேட்காதீர்கள்!

இந்தச் சாதுவான குடித்தனக்காரர் எப்போது வீட்டையே ஆக்கிரமிக்கிறார்? வீட்டுக்காரர் பலவீனமாகும்போது. உடம்பின் எதிர்ப்புசக்தி, எச்சில், வாயிலிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் என்று மூன்று காவல்காரர்கள் உண்டு. சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தால் முதல் காவல் தளர்கிறது. எச்சிலிலும் சர்க்கரை கூடுவதால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். வயதானவர்கள் சாப்பிடும் அலர்ஜி மாத்திரை, மன அழுத்த மாத்திரை, சிறுநீர்ப் பிரச்னைக்கான மாத்திரை பலவும் வாயை வறளவைக்கும். அப்போது இரண்டாவது காவல் போச்சு. ஆன்டிபயாடிக்கைத் தொடர்ந்து சாப்பிட்டால் மூன்றாவதும் அவுட்.

ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். இழுக்கும் மருந்தில் ஒரு பங்கு நுரையீரலுக்குப் போகாமல் தொண்டையிலும் நாக்கிலும் படிந்துவிடுகிறது. அந்த இடத்தில் எதிர்ப்புசக்தியை மட்டுப்படுத்துகிறது. வழி ரொம்ப சுலபம். ஒவ்வொரு முறை இழுத்ததும் தண்ணீரால் வாய் கொப்பளித்து, தொண்டை வரை காகளித்துத் துப்பிவிட வேண்டும். 'ஸ்பேஸர்' என்கிற குழாயை மாட்டி இழுத்தால் படிவது இன்னும் குறையும். காசு செலவில்லாத இந்த ஒரு வரியைச் சொல்ல எங்களுக்கு நேரமில்லை என்றால், அப்புறம் என்ன டாக்டர் தொழில்? அதற்காக இதைப் படித்துவிட்டு இன்ஹேலரையே நிறுத்திவிடாதீர்கள். இழுப்பு வந்தால் உயிருக்கே ஆபத்து. பூஞ்சைக்குப் பயந்து நுரையீரலைப் பட்டினி போடக் கூடாது.

கீமோதெரபி எடுப்பவர்கள், தலை, கழுத்துப் பகுதியில் ரேடியேஷன் எடுப்பவர்கள், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள், மூட்டுவாதத்துக்காக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் எல்லோருக்குமே இது வரலாம். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர் "சாப்பாடு இறங்கல" என்றால், "மருந்தோட சூடு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். தயவுசெய்து எழுதாதீர்கள். அவருக்குச் சாப்பாடும் ஒரு மருந்து.

அடுத்தது மெடிக்கல் ஷாப். என் கோபத்தில் பாதி அங்கேதான்.

'வாய்ப்புண்' என்று ஒரே வார்த்தை சொல்லிக் கை நீட்டுகிறோம். அவரும் ஒரு ட்யூபை எடுத்துக் கொடுக்கிறார். சாதாரண வாய்ப்புண்ணுக்குத் தடவும் அந்தப் பசைகளில் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. பூஞ்சை இருக்கும் வாயில் அதைத் தடவினால் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிற கதைதான். சில கடைக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் ஃப்ளூகோனசோல் ஒரே ஒரு மாத்திரை கிழித்துக் கொடுப்பார்கள். பெண்களுக்கு வரும் சில பூஞ்சைத் தொந்தரவுக்கு ஒரே மாத்திரை போதும். அதைப் பார்த்துப் பழகியதால் வந்த வினை. வாய்க்கு அது பத்தாது. பொதுவாக ஒன்று முதல் இரண்டு வாரம் சாப்பிட வேண்டியிருக்கும். அரைகுறையாகச் சாப்பிட்டால் பூஞ்சை பழகிக்கொண்டு, அடுத்த தடவை மருந்தைப் பார்த்துச் சிரிக்கும்.

இன்னொரு விஷயம் கடைக்காரருக்குத் தெரிய வாய்ப்பில்லை. ஃப்ளூகோனசோல் சில சர்க்கரை மாத்திரைகளோடு சேர்ந்தால் சர்க்கரை சடாரென்று இறங்கிவிடலாம். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம். கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. கணக்கு வாத்தியாருக்கு நான் மாத்திரை எழுதாமல் தடவும் மருந்து கொடுத்ததற்கு அதுதான் காரணம்.

மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும் சாப்பிடுவதில் எனக்கு எந்த விரோதமும் கிடையாது. எங்கள் வீட்டிலும் வாரம் ஒரு நாள் உண்டு. ஆனால் பூஞ்சையை அது விரட்டாது. சர்க்கரைக்காரர் வாயில் தேனைத் தடவுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. கைக்குழந்தை நாக்கில் வெங்காரத்தைத் தேனில் குழைத்துத் தடவும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. இரண்டுமே வேண்டாம். வெங்காரம் குழந்தைக்கு விஷம். ஒரு வயதுக்கு முன்னால் தேனும் கூடாது.

நல்ல மருந்தே இல்லாமலா இதையெல்லாம் செய்கிறோம்? நிஸ்டாட்டின் என்று ஒரு மருந்து. எலிசபெத் ஹேஸன், ரேச்சல் பிரவுன் என்று இரண்டு பெண்கள் நியூயார்க் மாநில சுகாதாரத் துறையில் வேலை பார்த்தார்கள். ஒருவர் நியூயார்க் நகரத்தில், இன்னொருவர் ஆல்பனியில். ஊர் ஊராக மண் எடுத்து, அதில் வளரும் நுண்ணுயிர்களைத் தபாலில் பரிமாறிக்கொண்டே ஆராய்ச்சி செய்தார்கள். கடைசியில் கைகொடுத்தது வர்ஜீனியாவில் ஒரு சிநேகிதர் வீட்டுப் பண்ணை மண். 1950இல் உலகத்துக்கு அறிவித்தார்கள். நியூயார்க் ஸ்டேட்தான் மருந்தின் பெயரிலேயே ஒளிந்திருக்கிறது. அதில் கிடைத்த ஒரு கோடியே முப்பது லட்சம் டாலருக்கும் மேலான உரிமைத் தொகையை அறிவியல் ஆராய்ச்சிக்கே எழுதிவைத்துவிட்டார்கள் அந்த மகராசிகள். 1966 வெள்ளத்தில் நனைந்த இத்தாலிய ஓவியங்களில் பூஞ்சை பூத்தபோதுகூட இந்த மருந்துதான் உதவிக்குப் போனது. எழுபது வருஷத்துக்கும் மேலாக மருந்து தயாராக இருக்கிறது. வாயைத் திறந்து பார்க்கத்தான் ஆளில்லை.

இப்போது, நான் இவ்வளவு நேரம் தள்ளிப்போட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஊர், தொழில் முதலான அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

2007ஆம் வருஷம். நாற்பது வயது சுமாருக்கு ஒருவர் வந்தார். கௌரவமான வேலை. நெற்றியில் விபூதிக் கீற்று. வாயில் இதே வெள்ளை. சர்க்கரை பார்த்தேன், நார்மல். இன்ஹேலர் இல்லை, பல்செட் இல்லை, ஆன்டிபயாடிக் சாப்பிடவில்லை. மருந்து கொடுத்தேன், சரியாயிற்று. இரண்டு மாதத்தில் மறுபடி வந்தார். மறுபடி மருந்து. மூன்றாவது தடவையும் வந்தார்.

காரணமில்லாமல் ஒரு நாற்பது வயதுக்காரருக்குத் திரும்பத் திரும்ப வாயில் பூஞ்சை வந்தால் எச்.ஐ.வி. பரிசோதனை செய்ய வேண்டும் என்று படித்திருக்கிறேன். 1981இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் ஐந்து இளைஞர்களுக்கு விநோதமான நிமோனியா வந்ததைப் பற்றிய அறிக்கைதான் எய்ட்ஸ் பற்றி உலகம் படித்த முதல் அறிக்கை. அந்த ஐந்து பேருக்குமே கேண்டிடா தொற்று இருந்தது. வேறெங்கோ தூர தேசத்துக் கதை என்றும் சொல்ல முடியாது. 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றை டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த செல்லப்பன் நிர்மலாவும் கண்டுபிடித்தது நம் சென்னையில்தான். எல்லாம் எனக்குத் தெரியும்.

ஆனாலும் கேட்கவில்லை. 'இவ்வளவு நல்ல குடும்பத்து மனுஷரிடம் எப்படிக் கேட்பது? தப்பாக நினைத்துக்கொண்டால்?' கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு 'மரியாதை' என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். மூன்றாவது முறையும் தடவும் மருந்தை எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

எட்டு மாதம் கழித்து நுரையீரல் தொற்றோடு வேறு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அங்கே பரிசோதனை செய்தார்கள். ரொம்பத் தாமதம். பிழைக்கவில்லை. அரசாங்கம் 2004 ஏப்ரலிலிருந்தே ஏ.ஆர்.டி. கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியிருந்தது. முதல் தடவை அவர் வாயைத் திறந்த அன்றே நான் வாயைத் திறந்திருந்தால், இன்று அவர் தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்திருக்கலாம். அவர் மனைவிக்கும் தொற்று இருந்தது. அந்த அம்மா அன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல் மருந்து சாப்பிட்டு ஆரோக்கியமாக இருக்கிறார். இன்றைக்கும் சளி, காய்ச்சல் என்றால் என்னிடம்தான் வருகிறார். அவர் கணவரின் வாயை நான் மூன்று முறை பார்த்தேன் என்பது அவருக்குத் தெரியாது.

இதைப் படித்துவிட்டு உங்கள் வீட்டில் யார் நாக்காவது வெளுத்திருந்தால் "ஐயையோ, எய்ட்ஸா?" என்று கிளம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் சர்க்கரை, பல்செட், இன்ஹேலர், ஆன்டிபயாடிக் என்று ஏதாவது ஒன்றாகத்தான் இருக்கும். காலையில் எழுந்ததும் நாக்கில் இருக்கிற மெல்லிய வெள்ளைப் படலம் பூஞ்சையே அல்ல. 2021இல் கொரோனா இரண்டாவது அலையின்போது கரும்பூஞ்சையோடு சேர்த்து 'வெள்ளைப் பூஞ்சை' என்று கிளப்பிய பீதி ஞாபகம் இருக்கிறதா? மூக்கையும் கண்ணையும் அரித்த அந்தக் கரும்பூஞ்சை வேறு, இது வேறு.

ஆனால் காரணம் தெரியாதபோது சர்க்கரைப் பரிசோதனையோடு எச்.ஐ.வி. பரிசோதனையையும் டாக்டர் சொன்னால், அவர் உங்கள் ஒழுக்கத்துக்கு மார்க் போடுவதாக நினைக்காதீர்கள். கேட்கிற டாக்டர்தான் உங்கள் மேல் அக்கறை உள்ளவர். அரசு ஆஸ்பத்திரிகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் இலவசமாகப் பார்க்கலாம். 1097 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் விவரம் கேட்கலாம். உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதனை செய்யக் கூடாது, முடிவை ரகசியமாக வைத்திருக்க வேண்டும், தொற்று இருப்பதற்காக வேலையிலோ சிகிச்சையிலோ ஒதுக்கக் கூடாது என்றெல்லாம் 2017ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. அது 2018 செப்டம்பரிலிருந்து அமலில் இருக்கிறது. இப்போதெல்லாம் நான் எல்லோரிடமும் கேட்கிறேன். விபூதி வைத்தவரிடமும் கேட்கிறேன், வைக்காதவரிடமும் கேட்கிறேன். இதுவரை ஒரே ஒருவர்தான் கோபித்துக்கொண்டு எழுந்து போனார். அவரும் அடுத்த வாரம் ரிப்போர்ட்டோடு வந்தார்.

நீங்கள் வீட்டில் என்ன செய்யலாம்? மாதம் ஒரு தடவை, வீட்டிலுள்ள பெரியவர்களின் வாயைச் செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். அப்பாவோ மாமாவோ கூச்சப்பட்டால் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். வெள்ளை மட்டும்தான் அறிகுறி என்று நினைக்க வேண்டாம். வெறும் சிவப்பாகவும் எரிச்சலாகவும்கூட வரும். கடைவாய் ஓரம் வெடித்துப் புண்ணாகும். பஞ்சை அடைத்த மாதிரி இருக்கிறது, ருசி தெரியவில்லை என்பார்கள். அதைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாமல் அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைத் திட்டு துடைத்தாலும் வரவில்லையா? வெற்றிலை, புகையிலை, பான் பராக், சிகரெட் என்று பழக்கம் வேறு உண்டா? அது பூஞ்சையாக இல்லாமல், புற்றுநோய்க்கு முந்தைய நிலையாகவும் இருக்கலாம். பல் டாக்டரிடமோ வாய் நோய் நிபுணரிடமோ அந்த வாரமே காட்டிவிடுங்கள்.

பல்செட்டை ராத்திரி கட்டாயம் கழற்ற வேண்டும். பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, பல் டாக்டர் சொன்ன கரைசலிலோ சுத்தமான தண்ணீரிலோ மூடி போட்ட டப்பாவில் வைக்கலாம். டப்பா பெரியவரின் அறையிலேயே இருக்கட்டும், பேரப்பிள்ளைகள் கண்ணில் படாமல். ஈறையும் அண்ணத்தையும் மெல்லிய துணியால் துடைத்துவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள். நிஸ்டாட்டின் சொட்டு மருந்து கொடுத்திருந்தால் மடக்கென்று விழுங்காமல் வாயில் முடிந்தவரை நேரம் வைத்துக் கொப்பளிக்க வேண்டும். வெள்ளை மறைந்ததும் பாட்டிலை மூடிவிடக் கூடாது, அதற்கப்புறமும் இரண்டு நாளாவது தொடர வேண்டும்.

விழுங்கும்போது நெஞ்சுக்குள் வலித்தால் மட்டும் இதில் எதற்கும் காத்திருக்க வேண்டாம். பூஞ்சை உணவுக்குழாய்க்குள் இறங்கியிருக்கலாம். தடவும் மருந்து அங்கே எட்டாது. அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். உட்கார்ந்ததும் அவர் ஃபைலுக்குக் கை நீட்டினால், கொடுப்பதற்கு முன்னால் நீங்களாகவே சொல்லுங்கள்: "டாக்டர், முதல்ல கொஞ்சம் வாயைப் பாருங்க."